மயில் திரும்பும் இடம்

டிவி மேசையின் மேல் சிடி இல்லை.

ஷ்ரேயா மேசைக்கு அடியில் பார்த்தாள். சோபா மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு சீப்பும், போன தீபாவளிக்குக் காணாமல் போன ரிமோட்டும் கிடைத்தன. சிடி கிடைக்கவில்லை.

"அப்பா, இங்கே வெச்சிருந்த சிடி எங்கே?"

அப்பா ஜெயராம் ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய நிதானத்தோடு காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வெள்ளைக் கவர் போட்டதா? நேத்து மூணாம் மாடி வெங்கடரமணன் மாமாகிட்ட கொடுத்துட்டேனே. பரண் மேல இருந்த சிடி பெட்டியையும் சேர்த்து."

"மாமாவுக்கு எதுக்கு சிடி?"

"புறா விரட்டறதுக்கு. வாட்ஸப் குரூப்ல போட்டிருந்தாரே, பழைய சிடி இருந்தா கொடுங்கோன்னு. பால்கனியில தொங்க விட்டா வெயில்ல பளபளன்னு மின்னும். புறா பயந்து ஓடிடும்."

ஷ்ரேயா கையிலிருந்த சோபா மெத்தையைக் கீழே போட்டாள்.

"அப்பா, அது பழைய சிடி இல்லை. விசாலாக்ஷி டீச்சரோட மயில் பாட்டு. இன்னிக்கு சாயங்காலம் டான்ஸ் புரோகிராம்."

காபி ஆற்றுவது நின்றது.

"சிடின்னாலே பழசுதானேன்னு நினைச்சேன்" என்றார் அப்பா, மிக மெதுவாக.

விசாலாக்ஷி டீச்சர் மயிலாப்பூரில், சித்ரகுளத்துக்குப் பக்கத்தில் நாட்டிய வகுப்பு நடத்துகிறார். மயில் பாட்டு அவரே எழுதி, அவரே பாடியது. பதினொரு வயது ஷ்ரேயா பிறப்பதற்கும் முன்னால், வடபழனியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்தது. ஒவ்வொரு வருடமும் வகுப்பிலேயே சின்னக் குழந்தைகள் ஐந்து பேர் அதற்கு ஆடுவார்கள். ஊரில் உள்ள பாட்டெல்லாம் போனில் வந்துவிட்டது. இந்த ஒரு பாட்டு மட்டும் அந்த ஒரே ஒரு சிடியில் இருந்தது.

வியாழக்கிழமை டீச்சரின் பழைய சிடி பிளேயர் கடைசியாக ஒருமுறை 'கிர்ர்' என்று சுற்றிவிட்டு நின்றுபோனது.

"உங்காத்துல கம்ப்யூட்டர் இருக்கோல்லியோ? இதைப் பென்டிரைவ்ல போட்டுக் கொண்டு வந்துடு. இந்தத் தடவை பாட்டுக்கு நீதான் பொறுப்பு" என்று சொல்லி, சிடியை ஷ்ரேயாவின் கையில் கொடுத்தார் டீச்சர். வெள்ளிக்கிழமை பரீட்சை. சனிக்கிழமை தாய்மாமா வீட்டு விசேஷம். ஞாயிறு காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஷ்ரேயா மேசை மேல் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. அது டீச்சருக்கே தெரியாது.

மயில் பாட்டில் முதல் சுற்று முடிந்ததும் மிருதங்கம் நின்றுவிடும். பாட்டும் நின்றுவிடும். தம்பூரா மட்டும் 'ஙொய்' என்று கேட்டுக்கொண்டிருக்கும். மயில்கள் சபைக்கு முதுகைக் காட்டி அசையாமல் நிற்க வேண்டும். மனசுக்குள் பதினாறு எண்ண வேண்டும். பதினாறாவதில், ஐந்து மயில்களும் ஒரே நேரத்தில் தோகையை விரித்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

டீச்சர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். ஆனால் இதுவரை ஒரு மயிலும் எண்ணியதில்லை.

ஏனென்றால், சரியாக அந்த இடத்தில் சிடியில் ஓர் இருமல் வரும். 'க்ஹும்' என்று சின்னதாக. பாடும்போது டீச்சருக்கு வந்த இருமல். அது வந்தால் திரும்ப வேண்டும். முதல் நாள் வகுப்பிலேயே பெரிய குழந்தைகள் சின்னக் குழந்தைகளின் காதில் இதைச் சொல்லிவிடுவார்கள். ஷ்ரேயாவுக்கு வர்ஷினி அக்கா சொன்னாள். ஷ்ரேயா, கீழ் வீட்டு ஜுவேரியாவுக்குச் சொன்னாள்.

ஜுவேரியாவுக்கு ஏழு வயது. இன்றுதான் அவளுக்கு முதல் மேடை. நெய்வேலியிலிருந்து அவளுடைய பெரியம்மா குடும்பமே கிளம்பி வந்துகொண்டிருந்தது.

சிடி இல்லாவிட்டால் மயில் ஆட்டம் இல்லை.

ஷ்ரேயா படியேறி ஓடினாள். அப்பா பின்னாலேயே ஓடினார்.

கதவைத் திறந்த வெங்கடரமணன் மாமா உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா பேசு கொழந்தே. உள்ளே முட்டை இருக்கு."

"உங்காத்துலயா? முட்டையா?" என்று அப்பா புருவத்தை உயர்த்தினார்.

"புறா முட்டை ஐயா. நேத்து சாயங்காலம் நீங்க கொடுத்த அத்தனை சிடியையும் கட்டி முடிச்சேன். காலம்பற வந்து பார்க்கறேன், காலித் தொட்டியில ஜம்முனு உக்காந்துண்டிருக்கு. பயப்படும்னு பார்த்தா, சிடியில முகம் பார்த்துக்கறது. கழுத்தை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி."

"விரட்டலையா மாமா?" என்றாள் ஷ்ரேயா.

"முட்டை போட்டதை எப்படி விரட்டறது? நானே பால்கனிக்குப் போகலை. வேட்டியை ஹால்லதான் உலர்த்தியிருக்கேன், பாரு."

ஹாலின் குறுக்கே நிஜமாகவே ஒரு வேட்டி தொங்கியது. ஷ்ரேயா அதற்கு அடியில் குனிந்து போய், கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள்.

பால்கனிக் கம்பியிலிருந்து சரம் சரமாக சிடிகள் ஆடின. இரண்டிரண்டாகச் சேர்த்து, பெயர் எழுதிய பக்கம் உள்ளேயும் மின்னும் பக்கம் வெளியேயும் இருக்கும்படி மாமா கட்டியிருந்தார். ஒன்றின் பெயரும் தெரியவில்லை. கீழே தொட்டியில், சாம்பல் நிறப் புறா ஒன்று உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஷ்ரேயா விஷயத்தைச் சொன்னாள். மாமா தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணே ஒண்ணுன்னா எடுத்துக்கோ. எல்லாத்தையும் அவிழ்த்துப் பார்க்க விடமாட்டேன். புறா பறந்து போயிடும். முட்டை ஆறிப்போயிடும். எதுன்னு சொல்லு."

எதுவென்று எப்படிச் சொல்வது? அத்தனையும் ஒரே வட்டம். ஒரே பளபளப்பு.

ஷ்ரேயா பெருமூச்சு விட்டுத் திரும்பினாள். அப்போதுதான் சுவரைப் பார்த்தாள்.

காலை வெயில் சிடிகளில் பட்டு, ஹால் சுவரெல்லாம் வெளிச்ச வட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தன. வெள்ளை வட்டம். அதற்குப் பக்கத்தில் வெள்ளை வட்டம். காலண்டரின் மேல் ஒரு வெள்ளை. மின்விசிறிக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்று வேறு மாதிரி இருந்தது. அதில் லேசாகப் பச்சை கலந்திருந்தது.

"அப்பா, டீச்சர் கொடுத்த சிடியோட அடிப்பக்கம் மயில் கழுத்து மாதிரி பச்சையா இருந்தது. மயில் பாட்டுன்னு அந்தக் கலர்ல வாங்கியிருக்காங்கன்னு நினைச்சேன்."

அப்பா நிமிர்ந்து நின்றார். "கடையில விக்கற பாட்டு சிடி வெள்ளியா மின்னும். காலி சிடி வாங்கி நாமளே பதிவு பண்றோம் பாரு, அதுதான் பச்சையா, நீலமா இருக்கும். நான் கொடுத்ததுல மத்த எல்லாமே கடையில வாங்கினது."

"அப்போ பச்சை ஒண்ணுதான் இருக்கும்."

ஷ்ரேயா சுவரில் இருந்த பச்சை வட்டத்தைப் பார்த்தாள். மாமா கதவிடுக்கில் விளக்குமாற்றுக் குச்சியை நீட்டி, சரங்களை ஒவ்வொன்றாக மெல்லத் தொட்டார். மூலையில் இருந்த சரத்தைத் தொட்டபோது பச்சை வட்டம் ஆடியது.

நகவெட்டியை எடுத்துக்கொண்டு ஷ்ரேயா பால்கனித் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். புறா ஒரு சிவப்புக் கண்ணால் அவளைப் பார்த்தது. அவள் நின்றாள். புறா தலையைத் திருப்பியது. அவள் நகர்ந்தாள். மறுபடி பார்த்தது. நின்றாள்.

"சீக்கிரம்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அப்பா கிசுகிசுத்தார்.

"சும்மா இருங்கோ" என்று மாமா அப்பாவை அதட்டினார்.

கயிறு அறுந்தது. இரண்டு சிடிகள் மடியில் விழுந்தன. ஒன்றின் மேல் உருண்டை உருண்டையான எழுத்தில் 'மயில்' என்று எழுதியிருந்தது. ஷ்ரேயா அதைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டாள். இன்னொன்றைப் பழையபடி கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள்.

"அது எதுக்கு?" என்றார் அப்பா.

"முகம் பார்த்துண்டிருந்ததே அப்பா."

சிடி கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், அதை எதில் போடுவது என்று தெரியவில்லை.

அப்பா லேப்டாப்பை வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

"முன்னாடி இருந்த லேப்டாப்ல சிடி போட இடம் இருந்தது" என்றார்.

சிடி டிரைவ் கடையில் தனியாகக் கிடைக்கும். ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் லீவு. ஆன்லைனில் வாங்கினால் நாளைக்குத்தான் வரும். 'யாரிடமாவது சிடி பிளேயர் இருக்கிறதா? அவசரம்' என்று அப்பா குரூப்பில் போட்டார். ஒருவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். இன்னொருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் சொன்னார். மூன்றாமவர், 'எங்கள் வீட்டிலும் பழைய சிடி நிறைய உள்ளது. உங்களுக்கும் புறா தொல்லையா?' என்று கேட்டார்.

கீழே சலங்கைச் சத்தம் கேட்டது. ஷ்ரேயா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஜுவேரியா காரைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா மெஹபூப் பாஷா காரைக் கழுவிக்கொண்டிருந்தார். ராயப்பேட்டையில் லேஸ், பட்டன் கடை வைத்திருக்கிறார். கார் பழசு. ஆனால் ஞாயிறு தவறாமல் குளிக்கும்.

மழை நாட்களில் ஷ்ரேயா அந்தக் காரில் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். முன் சீட்டுக்கு எதிரே ஒரு நீளப் பிளவு இருக்குமே. அதிலிருந்து நாக்கு மாதிரி காகிதம் நீட்டிக்கொண்டிருக்குமே.

அவள் சிடியோடு இறங்கி ஓடினாள்.

"அங்கிள், உங்க கார்ல இருக்கே, இது என்னது?"

"அதுவா கண்ணு? பார்க்கிங் சீட்டு சொருவற எடம்" என்றார் பாஷா. பிறகு அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். ஈரக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். "அட, சிடி போட்ற எடம்ல அது. வண்டி வாங்கசொல்ல அதுல பாட்டு கேட்டுக்கினு இருந்தேன். அப்பால போன் வந்துச்சு. நானே மறந்துட்டேன் பாரேன்."

"நான் பொறந்ததுலேருந்து அது சீட்டு வெக்கிற எடம்னுதான் நெனச்சேன்" என்றாள் ஜுவேரியா.

பாஷா சீட்டுகளை உருவினார். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. தி.நகர் சீட்டு, அடையாறு சீட்டு, எந்தக் கல்யாணத்துக்கோ போன மண்டபத்துச் சீட்டு. உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த கடைசிச் சீட்டை ஜுவேரியாவின் சின்ன விரல் இழுத்துப் போட்டது.

சிடி உள்ளே போனது. 'கிர், கிர்' என்றது. வெளியே வந்துவிட்டது.

"அதுக்குப் பிடிக்கலையா?" என்று ஜுவேரியா கவலையோடு கேட்டாள்.

ஷ்ரேயா சிடியை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். பால்கனித் தூசி. ஓரத்தில் புறா வைத்த பொட்டு வேறு. குழாயடியில் ஒரு சொட்டு சோப்பு விட்டுக் கழுவினாள். பாஷாவின் கண்ணாடி துடைக்கும் துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு மெதுவாக ஒற்றி எடுத்தாள்.

மறுபடி உள்ளே தள்ளினாள்.

'கிர்.' அப்புறம் சத்தமே இல்லை. பாஷா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

'தீம் தகிட, தீம் தகிட' என்று கார் பாடியது.

ஜுவேரியாவின் கால்கள் தானாகக் கிளம்பின. முதல் சுற்று முடிந்தது. தம்பூரா. 'க்ஹும்.' ஜுவேரியா தோகையை விரித்துத் திரும்பினாள். திரும்பிய வேகத்தில் தண்ணீர் வாளி கவிழ்ந்தது.

"வண்டி ரெண்டு தபா குளிச்சா தப்பு இல்ல" என்றார் பாஷா.

மாடிப்படியில் போன் பார்த்துக்கொண்டிருந்த ஜுவேரியாவின் அண்ணன் முதஸ்ஸிரை அழைத்தார்கள். கல்லூரியில் படிக்கிறான். எந்த நேரமும் காதில் ஏதாவது மாட்டியிருப்பான்.

"கண்ணாடியெல்லாம் ஏத்துங்க. யாரும் பேசாதீங்க. பாட்டு ஓடட்டும், நான் போன்ல பதிவு பண்ணிடறேன்" என்றான்.

யாரும் பேசவில்லை. ஆனால் தண்ணீர் கேன் வண்டி ஹாரன் அடித்தது. காகம் ஒன்று காரின் மேலேயே வந்து உட்கார்ந்து கத்தியது. முதல் மாடியில் குக்கர் விசில் விட்டது.

"போச்சு" என்றாள் ஷ்ரேயா.

"எதுவும் போகலை. இதுக்குன்னு ஆப் கீது. வேண்டாத சத்தத்தையெல்லாம் தொடைச்சு எடுத்துடும். பாட்டு மட்டும் நிக்கும்."

மத்தியானம் பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தான். "ஹாரன் இல்ல, காக்கா இல்ல, குக்கர் இல்ல. கண்ணாடி மாதிரி கீது, கேளு" என்றான். ஷ்ரேயா ஆரம்பத்தை மட்டும் கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. "தேங்க்ஸ் அண்ணா" என்று சொல்லிவிட்டு அலங்காரம் செய்துகொள்ள ஓடினாள். முதஸ்ஸிர் போனோடு நண்பனின் கல்யாணத்துக்கு வடபழனி போய்விட்டான்.

மந்தைவெளியில் சின்ன ஹால். நாற்காலிகள் நிறைந்துவிட்டன. முதல் வரிசையில் வெங்கடரமணன் மாமா உட்கார்ந்திருந்தார். மேடைக்குப் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால், ஷ்ரேயா லேப்டாப்போடு தயாராக இருந்தாள்.

டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"ஷ்ரேயா, இருமலைக் காணோமே."

"என்னது டீச்சர்?"

"நடுவுல நான் இருமியிருப்பேன். பதிவு பண்ற அன்னிக்கு எனக்கு ஜலதோஷம். மறுபடி பாடறதுக்கு நேரம் இல்லேன்னுட்டா. வருஷா வருஷம் அந்த இடம் வரப்போ எனக்கு வெக்கமா இருக்கும். யார் எடுத்தா? முதஸ்ஸிரா? அவன் நன்னா இருக்கணும்."

ஷ்ரேயா பென்டிரைவைப் பார்த்தாள். வேண்டாத சத்தத்தையெல்லாம் துடைத்துவிடும் என்றானே. இருமலையும் துடைத்துவிட்டது.

டீச்சரிடம் சொல்லலாம். ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருப்பவரிடம், 'உங்கள் இருமல்தான் எங்களுக்கு வேண்டும்' என்று எப்படிச் சொல்வது? அதற்குள் டீச்சர் மேடையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டார். அறிவிப்புச் செய்யும் அக்கா மைக்கைக் கையில் எடுத்துவிட்டாள்.

ஷ்ரேயா ஐந்து மயில்களிடம் ஓடினாள்.

"ஜுவேரியா, இன்னிக்கு இருமல் வராது. எல்லாரும் பதினாறு எண்ணித் திரும்புங்க."

ஐந்து ஜோடி மை தீட்டிய கண்கள் அவளைப் பார்த்தன. ஒரு மயிலின் உதடு பிதுங்கியது.

"அக்கா, அஞ்சு வரைக்கும்தான் நான் எண்ணறது காலுக்குக் கேக்கும்" என்றாள் ஜுவேரியா. கண்ணில் தண்ணீர் திரண்டது. "அப்புறம் குழம்பிடும். எங்க பெரியம்மா வேற முன்னாடி உக்காந்திருக்காங்க."

இப்போது அழுதால் மை கரைந்துவிடும். ஷ்ரேயா சட்டென்று குனிந்தாள்.

"சரி, யாரும் எண்ண வேண்டாம். இருமல் வரும்."

"எங்கேருந்து?"

"வரும். வந்ததும் திரும்பு. அவ்வளவுதான்."

திரை விலகியது. ஷ்ரேயா பட்டனைத் தட்டினாள்.

'தீம் தகிட.' மயில்கள் வந்தன. கொத்தின. சிலிர்த்தன. நெய்வேலிப் பெரியம்மா கையிலிருந்த போனை உயர்த்திப் பிடித்தார். முதல் சுற்று முடிந்தது. மிருதங்கம் நின்றது. ஐந்து மயில்களும் சபைக்கு முதுகைக் காட்டி நின்றன.

தம்பூரா மட்டும்.

ஷ்ரேயாவும் இந்த ஆட்டத்தில் மூன்று வருடம் மயிலாக இருந்தவள்தான். ஒருமுறைகூட எண்ணியதில்லை. இப்போது முழங்காலில் விரலால் தட்டித் தட்டி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. வேகமாகப் போகிறோமோ? ஏழு, எட்டு. வாய் உலர்ந்துவிட்டது. இருமல் வருமா? பன்னிரண்டு. ஜுவேரியா தலையை லேசாகச் சாய்த்துக் காது கொடுத்தாள். பதினான்கு, பதினைந்து.

'க்ஹும்.'

ஐந்து தோகைகளும் ஒன்றாக விரிந்தன. ஐந்து மயில்களும் ஒன்றாகத் திரும்பின.

ஹாலே கைதட்டியது. எதிர்ப்பக்கத் திரை ஓரத்திலிருந்து டீச்சர் ஷ்ரேயாவையே பார்த்தார். ஷ்ரேயா லேப்டாப்பையே பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் முதல் வரிசையிலிருந்து கை மாறி, கை மாறி ஒரு பொருள் திரைக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. இருமல் மிட்டாய். வெங்கடரமணன் மாமா அனுப்பியிருந்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் டீச்சர் ஒப்பனை அறைக்கு வந்தார்.

"ஷ்ரேயா, தொண்டை எப்படி இருக்கு?"

"நன்னா இருக்கு டீச்சர்."

"அப்போ ஏன் இருமினே?"

ஷ்ரேயா வாயில் மிட்டாயை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளினாள். பதில் ஜுவேரியாவிடமிருந்து வந்தது.

"இருமினாத்தானே டீச்சர் திரும்பணும்?"

"யார் சொன்னா உனக்கு?"

"ஷ்ரேயா அக்கா."

"உனக்கு?"

"வர்ஷினி அக்கா" என்றாள் ஷ்ரேயா. "அந்த அக்காவுக்கு, அவளுக்கு முன்னாடி இருந்த அக்கா. ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான் டீச்சர்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட எண்ணலையா?"

"இன்னிக்கு நான் எண்ணினேன்" என்றாள் ஷ்ரேயா. "பதினாறுக்குத்தான் இருமினேன்."

டீச்சரின் உதடு துடித்தது. கோபம் என்று நினைத்து ஜுவேரியா ஓரடி பின்வாங்கினாள். பிறகு டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. பழக்க தோஷத்தில் ஐந்து மயில்களும் திரும்பி நின்றன.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் டீச்சரின் போனிலிருந்து மயில் பாட்டு ஒலித்தது. ஹாரன் இல்லை, காகம் இல்லை, இருமலும் இல்லை. மயில் சிடி பத்திரமாக அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. "மூணாம் மாடியில ரெண்டாவது முட்டையும் வந்தாச்சு. மாமா இன்னும் ஹால்லதான் வேட்டி உலர்த்தறார்" என்று ஷ்ரேயா ஜுவேரியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பேச்சு போதும். முதல்லேர்ந்து ஆடுங்கோ" என்றார் டீச்சர்.

முதல் சுற்று முடிந்தது. மிருதங்கம் நின்றது. மயில்கள் சுவரைப் பார்த்து நின்றன. ஷ்ரேயா மூச்சை இழுத்துக்கொண்டு தயாரானாள்.

டீச்சர் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று கையை அசைத்தார். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். சரியாக அந்த இடத்தில், வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"க்ஹும்."